அருவி மெலிந்த மழைக்காலம்

ஜூலை 3

அக்காவுக்கு,

நான்தான் எழுதுகிறேன், உங்கள் தம்பி மனைவி. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இந்த ஒரு தாளை மட்டும் படித்துவிடுங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம். மழை பிடித்ததும் வழக்கம்போல டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது. அதனால் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளுக்கு ஒரு நடை வந்து திரும்புகிறார். ஒவ்வொரு வளைவிலும் ஊரைக் கூட்டுவதால் இங்கே அவருக்கு ஹாரன் என்றே பெயர். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள்.

போன வருஷம் லாட்ஜை விற்றுவிட்டு டவுனுக்கு வந்துவிடலாம் என்று நான் சொன்னதிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதில்லை. அது இருக்கட்டும். இது வேறு விஷயம்.

பத்து நாளாக மழை விடவில்லை. ஆனால் அருவி நாளுக்கு நாள் மெலிகிறது. மேல் ஏரி நிறைந்து நடு ஏரிக்கும், அது நிறைந்து பெரிய அருவியாக நம் லாட்ஜ் வாசலில் இருக்கும் கீழ் ஏரிக்கும் தண்ணீர் வரும் என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதத்தில் சமையலறையில் உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்போம், அவ்வளவு இரைச்சல். இப்போது உங்கள் தம்பியின் குறட்டை கேட்கிறது. நேற்று ஏதோ சத்தம் என்று எழுந்து போனேன், குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் மழைக்காலத்தில் குழாய் சொட்டி நான் கேட்டதேயில்லை. டீ வேண்டுமா என்று ஒரு விருந்தாளியைக் கேட்டேன், "ஏம்மா திட்டுறீங்க?" என்கிறார். கத்திப் பழகிய வாய், என்ன செய்வது.

வானம் கொட்டுகிறது, அருவி இளைக்கிறது. வரவு இருக்கிறது, செலவைக் காணோம். அப்படியென்றால் மேலே எங்கோ சேர்கிறது என்றுதானே அர்த்தம்? மேல் ஏரிக்குப் போகும் பாதை மண் சரிந்து மூடிவிட்டது, யாரும் போய்ப் பார்க்க வழியில்லை.

உங்கள் தம்பிக்கோ தலைகால் புரியவில்லை. தண்ணீர் மெலிந்ததால் அருவிக்குப் பின்னால் பாறையில் குகை மாதிரி ஓர் இடம் தெரிகிறது. பலகை போட்டு, கயிறு கட்டி, படகில் ஆட்களைக் கொண்டுபோய் அதற்குள் நடத்திக் காட்டுகிறார். கேள்விப்பட்டுக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். இத்தனை வருஷம் அவரைப் படகுக்காரன் என்றுகூட மதிக்காதவர்கள் இன்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மனிதர் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்தால், "உனக்கு இங்கேருந்து கிளம்ப ஏதாவது ஒரு சாக்கு வேணும்" என்கிறார்.

இதை நிறுத்தச் சொல்லுங்கள், அக்கா. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார்.

உங்கள் தம்பி மனைவி

ஜூலை 6

தம்பி மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் கடையில் சீருடைத் துணி கழுத்தளவு கிடக்கிறது. பட்டன் வைக்கவே நேரமில்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்குப் புத்தி எங்கே போயிற்று? அருவி குறைந்தால் மலை உச்சியில் மழை குறைந்திருக்கும். அவ்வளவுதான். உன் வாசலில் பெய்கிற மழை உலகம் முழுக்கப் பெய்ய வேண்டும் என்று சட்டமா?

அந்த எட்டு அறையும் எங்கள் அப்பா கல் சுமந்து கட்டியவை. போன வருஷம் ஈரப் படுக்கை விரிப்பு காயவில்லை, கை வலிக்கிறது என்று சொல்லி விற்கப் பார்த்தாய். முடியவில்லை. இந்த வருஷம் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்துகிறாய். நீ கெட்டிக்காரி, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவனுக்கு முதல் தடவையாக நாலு பேர் மரியாதை கொடுக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதில் மண் அள்ளிப் போட என் கையையே கேட்கிறாயா?

எழுத மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அவனுடைய அக்கா

ஜூலை 8

அக்காவுக்கு,

நீங்கள் திட்டியதில் எனக்கு வருத்தமில்லை. பதில் போட்டீர்களே, அது போதும்.

நேற்று நானும் அந்தக் குகைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் அவர் மனம் இளகும் என்றுதான் போனேன். முன்னால் தண்ணீர் மெல்லிய திரை மாதிரி விழுகிறது. ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அங்கே நின்றிருந்த நேரம் முழுக்க நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி சிவந்து வருகிறது. கழுத்து வலித்ததே தவிர, கண்ணை எடுக்க முடியவில்லை.

எங்கள் படகு திரும்பிப் பாதி ஏரி வந்திருக்கும். மேலிருந்து ஒரு மரம் விழுந்தது. கிளை இல்லை அக்கா, வேரோடு முழு மரம். இலை ஒன்றுகூட வாடவில்லை. நாங்கள் நின்றிருந்த பலகை இரண்டாகப் போயிற்று. படகிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். கைக்குழந்தைக்காரியும் தட்டினாள்.

அதற்குப் பிறகாவது நிறுத்துவார் என்று நினைத்தேன். இன்று காலை அந்த மரத்தை அறுத்து, வருகிறவர்கள் உட்கார பெஞ்சு போட்டிருக்கிறார். நான் அழுதேன். அவர் என் தலையைத் தடவி, "பைத்தியமா நீ, போய் டீ போடு" என்றார்.

லாட்ஜை விற்க வேண்டாம். அந்தப் பேச்சை இனி எடுக்கவே மாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன். கை வலித்தாலும் நானே விரிப்புகளைத் துவைக்கிறேன். அவரை மட்டும் இந்த மழை முடியும்வரை அங்கே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எப்படிக் கூப்பிடுவீர்களோ எனக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருந்தால் போதும், உங்கள் வீட்டில் இருந்தாலும் சரி.

உங்கள் தம்பி மனைவி

ஜூலை 10

அம்மாடி,

நேற்று உன் கடிதம் வருவதற்கு முன்பே அவனுடைய கடிதம் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நான்கு பக்கம், ஒரே பெருமை. உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி, "அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது, நீ வந்து சிரிக்க வை" என்று. நானும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன்.

நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறான்: "அருவிக்கு அடியில் நின்று சாதாரணமாகப் பேசலாம் அக்கா, ரகசியம் பேசினால்கூடக் கேட்கும்."

கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் பதினாறு வயதுவரை அங்கே இருந்தவள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால் பக்கத்தில் நிற்கிறவர் வாய் அசைவதுதான் தெரியும். தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் குரல் கொஞ்சம் கேட்கும். ரகசியம் கேட்கிற அளவுக்குக் குறைந்தால் அது குறைவு இல்லை, அடைப்பு. உன்னை நம்பாமல் அவனுடைய பெருமையை நம்பி எனக்குப் பயம் வந்திருக்கிறது. இதற்காக என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல், பிறகு.

புத்தி சொன்னால் வரமாட்டான். அதனால் பொய் சொல்லப் போகிறேன். கடை மாடிப்படியில் விழுந்து கால் முறிந்துவிட்டது, உடனே வா என்று தனியாக ஒரு சீட்டு இதோடு அனுப்புகிறேன். அதை ஹாரன் அவன் கையில் கொடுப்பார். இன்னும் பெரிதாகச் சொன்னால் பறந்து வருவான் என்று தெரியும். ஆனால் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. நீ ஒன்றும் தெரியாத மாதிரி பதற வேண்டும். உனக்கு நடிக்க வராது, வெங்காயம் நறுக்கிக்கொண்டு நில்.

நீயும் அவனோடு கிளம்பிவிடு. இதுதான் முக்கியம்.

அக்கா

ஜூலை 12

அக்காவுக்கு,

அவர் கிளம்பிவிட்டார். இந்தக் கடிதம் நாளைய பஸ்ஸில்தான் வரும், அப்போது அவர் உங்கள் பக்கத்திலேயே இருப்பார். அவருக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சீட்டைப் படித்ததும் முகம் செத்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு பட்டனைத் தப்புத் தப்பாகப் போட்டார். பாவமாக இருந்தது. எனக்கு வெங்காயம் தேவைப்படவில்லை, அழுகை தானாகவே வந்தது.

நானும் வருகிறேன் என்றேன். கால் முறிந்தவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் வேண்டாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அதற்கு அவர் சொன்னது: "நீயும் அக்காவும் ஒரே ரூம்லயா? அவங்களுக்கு இன்னொரு காலும் போயிடும். நீ இரு, கெஸ்ட்டைப் பாரு."

நாம் இரண்டு பேரும் எல்லாவற்றையும் யோசித்தோம் அக்கா. நமக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு அறையும் நிறைந்திருக்கிறது, சமையல்காரம்மா ஒரு ஆளாக என்ன செய்வாள் என்றார். உண்மையைச் சொன்னால் அவர் இறங்கிவிடுவார். அதனால் சரி என்றேன்.

பரவாயில்லை. அவர் பத்திரம், அதற்குத்தானே இவ்வளவும். பஸ் திரும்பியதும் கரையில் இருக்கிற படகுகளின் அடியில் உள்ள அடைப்புக் கட்டைகளைப் பிடுங்கிவிட்டேன், தண்ணீர் ஏறி எல்லாம் உட்கார்ந்துவிட்டன. விருந்தாளிகள் என்னைத் தின்று தீர்க்காத குறை. ஐந்தாம் அறைக்காரர் மேலிடத்துக்கு எழுதிப் போடுவாராம். எழுதட்டும்.

ஆனால் இப்போது ஏரி ஓரமாகவே பாறை தெரிய ஆரம்பித்துவிட்டது. படகு இல்லாமலே நடந்து போகிறார்கள்.

உங்கள் தம்பி மனைவி

ஜூலை 14

அம்மாடி,

குட்டு எல்லாம் உடைந்துவிட்டது. காலில் துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் முனகினேன். இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து எனக்குத் தலை வாரிவிட்டான், அதுவே தாங்க முடியவில்லை. இன்று காலையில் அடுப்பில் பால் பொங்கியது. பொங்குகிற பாலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க எந்தப் பொம்பளைக்கு முடியும்? இரண்டு காலாலும் ஓடிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் நிற்கிறான்.

எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தான். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ குகை கண்டுபிடிச்சிருப்பேன்" என்றான். அப்புறம் அவனுடைய கடிதத்தை எடுத்து அந்த ஒரு வரியைக் காட்டினேன். படித்தான். அவன் முகத்தில் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "அவ அங்க இருக்கா" என்றான். இதையே மூன்று தடவை சொன்னான்.

உடனே உன்னிடம் வருகிறேன் என்று ஓடினான். செருப்பை ஒளித்துவைத்துவிட்டேன், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான், பஸ் கிளம்பும் நேரமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து இதை மட்டும் பஸ்ஸுக்கு அனுப்புகிறேன். நாளைய பஸ்ஸில் கிளம்பியே தீருவான். நாளைக்கு நான் எதை ஒளிப்பது? அதனால் நானும் கூட வருகிறேன்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும், அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடு. விருந்தாளி, சமையல், சாவி எதையும் பார்க்காதே. நீ கிளம்பி வந்துவிட்டால் அவன் அங்கே வரவே தேவையில்லை.

உன்னைத் தனியாக விட்டுவிட்டு நான் இங்கே பால் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா

ஜூலை 14, மத்தியானம்

அக்கா,

உங்கள் கடிதம் வந்தது. இப்போதுதான் படித்தேன்.

இன்று காலையில் அருவி நின்றுவிட்டது. மழை பெய்துகொண்டிருக்கிறது, அருவி இல்லை. கறுப்புப் பாறை மட்டும் மேலிருந்து கீழ்வரை நிற்கிறது. மழைத் துளி ஏரியில் விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்கிறது. நாய்கள் எல்லாம் எப்போதோ மேட்டுக்கு ஏறிவிட்டன. நான் சாதாரணமாக மூச்சு விடுவதே பெரிய சத்தமாக இருக்கிறது.

குகையைப் பார்க்கப் பஸ் நிறைய ஆட்கள் வந்திறங்கினார்கள். தண்ணீர் வற்றிய பக்கமாக ஏரியின் அடியில் இறங்கி, கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். தண்ணீர் வரப் போகிறது, மேலே வாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. ஐந்தாம் அறைக்காரர், "நீங்கதானே படகை மூழ்கடிச்ச அம்மா?" என்று கேட்டுவிட்டு நடந்து போய்விட்டார்.

கடைசியில் ஹாரனிடம் சொன்னேன். அவர் விடாமல் ஹாரனை அழுத்த, நான் "கடைசி பஸ், இனிமே பஸ் கிடையாது" என்று கத்தினேன். விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள் அக்கா. உயிர் போகும் என்றால் நகரவில்லை, பஸ் போகும் என்றால் ஓடி வருகிறார்கள்.

பஸ்ஸில் எல்லோருக்கும் இடமில்லை. நிற்கிற இடம், படிக்கட்டு எல்லாம் நிறைந்துவிட்டது. எனக்கு ஹாரன் முன்னால் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். இரண்டாம் அறையில் ஒரு வயசான தம்பதி, அந்த அம்மாவால் நாலு படி ஏற முடியாது. அவர்களை அதில் திணித்து உட்கார வைத்துவிட்டேன். இன்னும் இருபது முப்பது பேர் மிச்சம். சமையல்காரம்மாவும் நானும் அவர்களை லாட்ஜுக்குப் பின்னால் இருக்கிற சரிவில் ஏற்றிக் கூட்டிப்போகிறோம். வழுக்குகிறது, ஆனால் ஏறிவிடலாம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சொல்வார்கள். இல்லை அக்கா, ஒவ்வொரு சாணும் வேண்டும்.

நாளைக்கு ஏன், இன்றைக்கே அவர் ஏதாவது லாரி பிடித்துக் கிளம்பியிருப்பார். எனக்கு அவரைத் தெரியும். பாதை பிரிகிற இடத்து டீக்கடையில் ஹாரன் காத்திருந்து இதைக் கொடுப்பார். இது எங்கே கிடைக்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். இறங்கி வராதீர்கள்.

அவர் உங்களைத் தள்ளிவிட்டு ஓடப் பார்ப்பார். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். திட்டினாலும் அழுதாலும் விடாதீர்கள். சின்ன வயசில் பிடித்த மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷமாக அவரை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன் என்று சொல்வீர்களே, இதோ கொடுத்துவிட்டேன். இனி திருப்பிக் கேட்கமாட்டேன்.

பஸ் கிளம்புகிறது.

ஜூலை 15, காலை

என் கண்ணே,

டீக்கடையிலிருந்து எழுதுகிறேன். மீட்புக்குப் போகிறவர்கள் நடந்து கிளம்புகிறார்கள், அவர்களில் ஒருவரிடம் இதைக் கொடுக்கப் போகிறேன். பெயர் கேட்டார், சொன்னேன். அடையாளம் கேட்டார். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும், சத்தம் வருகிற பக்கம் போங்கள் என்றேன்.

நீ சொன்ன மாதிரியேதான் நடந்தது. காய்கறி லாரியில் நேற்றே வந்துவிட்டோம். ஹாரன் கடிதத்தைக் கொடுத்தார், இவன் பிடுங்கிப் படித்தான். படித்து முடிக்கவில்லை, சத்தம் வந்தது. அது தண்ணீர்ச் சத்தம் மாதிரி இல்லை. தரை முதலில் ஆடியது, டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் தானாக நகர்ந்தன, அப்புறம்தான் சத்தம். ரொம்ப நேரத்துக்கு அது ஓயவேயில்லை.

இவன் ஓடினான். பிடித்தேன். என் கையைக் கடித்தான், ஐந்து வயசில் கடித்த மாதிரி. விடவில்லை. ஹாரனும் இன்னும் இரண்டு பேரும் வந்து சேரும்வரை ரோட்டிலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் பக்கத்தில் பெஞ்சில் இருக்கிறான். இடது கையில் அவன் மணிக்கட்டு, வலது கையில் பேனா. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

லாட்ஜ் இல்லை என்கிறார்கள். கீழ் ஏரியும் ரோடும் ஒன்றாகிவிட்டன. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் பத்திரம். அந்த வயசான அம்மா என் தோளில்தான் தூங்கினாள். விடிந்தபோது எதிர் மலையிலிருந்து பார்த்த ஒருவர், மேல்சரிவில் ஆட்கள் அசைவது தெரிகிறது என்றார். எத்தனை பேர் என்று தெரியவில்லை, பெண்களா என்று தெரியவில்லை, மழையில் ஒன்றும் தெரியவில்லை என்றார். நான் அவரிடம் பத்து தடவை கேட்டுவிட்டேன். இனி கேட்டால் அடிப்பார்.

நீ கேட்டுக்கொண்டபடி இவனைப் பிடித்துவைத்திருக்கிறேன். ஆனால் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய் பார், அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. என்னால் இவனை வைத்துச் சமாளிக்க முடியாது, நேற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நீ வந்து என்னோடு சண்டை போட்டு, இவனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போ.

அதுவரை விடமாட்டேன்.

அக்கா